கரும்பைப் பிடித்துக்கொண்டு உலக வரலாறு படிக்கலாம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழி

உலக வரலாறு படிக்க ஆசை, எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை என்று கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே ஒரு தடவை தொடங்கியவர்கள்தான். தடிமனாக ஒரு பொது அறிவுப் புத்தகம் வாங்கி, சுமேரியாவில் ஆரம்பித்து, எகிப்து, கிரேக்கம் என்று வரிசையாகப் படித்து, ரோமாபுரி வருவதற்குள் மூடி வைத்திருப்பார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆண்டும் அரசன் பெயரும் போர் நடந்த இடமும் மட்டும் வந்துகொண்டே இருந்தால் யாருக்கும் மனதில் ஒட்டாது. ஒட்டிக்கொள்ள நமக்கு முன்பே தெரிந்த ஏதாவது ஒன்று அங்கே இருக்க வேண்டும்.

அதனால் நான் சொல்வது வேறு வழி. வீட்டில் தினமும் கைபடும் பொருள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு, காகிதம், பருத்தி, கண்ணாடி, ரப்பர், எதுவானாலும் சரி. அது எங்கே பிறந்தது, எந்தக் கடல் தாண்டியது, யார் யார் கையில் மாறி வந்தது என்று அதன் பின்னாலேயே போய்க்கொண்டே இருங்கள். ஒரு மாதத்தில் நான்கைந்து கண்டங்களைச் சுற்றி வந்திருப்பீர்கள். இங்கே நான் சர்க்கரையை வைத்துச் செய்து காட்டுகிறேன், நீங்களும் முதல் தடவை அதையே எடுப்பது நல்லது, ஏனென்றால் தமிழ் பேசுகிறவர்களின் வீட்டுக் கதையும் அதற்குள் இருக்கிறது.

தேவையானவை அதிகமில்லை. 80 பக்க நோட்டு ஒன்று, எழுதுபொருள் கடையில் கிடைக்கும் வெற்று உலக வரைபடம் நான்கைந்து, இரண்டு நிறத்தில் பென்சில். வரைபடத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். கையால் கோடு போடும்போதுதான் மடெய்ரா தீவு எவ்வளவு சின்னது, பிரேசில் எவ்வளவு பெரியது என்பதெல்லாம் உறைக்கும்.

முதல் படி: பெயரை உடைத்துப் பாருங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் அந்தப் பொருளுக்கு உங்களுக்குத் தெரிந்த எல்லாப் பெயரையும் எழுதுங்கள். சர்க்கரை, சீனி, கற்கண்டு, வெல்லம். வயதானவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள், வெள்ளைச் சர்க்கரையை "அஸ்கா" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது இன்றைய ஒடிசாவில் இருக்கும் அஸ்கா என்ற ஊரின் பெயர். முன்பு சென்னை மாகாணத்துக்குள் இருந்த அந்த ஊரில் சர்க்கரை ஆலை இருந்ததால் ஊர்ப் பெயரே பொருளுக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு பாட்டி கடையில் கேட்ட ஒரு சொல்லில் இவ்வளவு இருக்கிறது.

சர்க்கரை என்பது சமஸ்கிருத "சர்க்கரா" வழி வந்தது, அதற்குப் பொடிக்கல், பரல் என்று பொருள். பாகு இறுகிக் கல் கல்லாக நின்றதைப் பார்த்து வைத்த பெயர். அதே சொல் பாரசீகத்தில் ஷகர், அரபியில் சுக்கர், ஸ்பானிய மொழியில் அஸுக்கார், ஆங்கிலத்தில் சுகர் என்று மேற்கே நகர்ந்துகொண்டே போகிறது. இந்த வரிசையை எழுதினாலே சர்க்கரை போன பாதை பாதி தெரிந்துவிடும். மலையாளத்துச் சக்கரை போர்த்துக்கீசியர் வாயில் மாறி, ஆங்கிலத்தில் ஜாகரி என்று ஆனதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் புதிதாகப் படிப்பவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான். சீனி என்றால் சீனாவில் பிறந்தது என்று எழுதிவிடுவார்கள். கி.பி. 647இல் சீனத்தின் டாங் அரசர் தைசோங், சர்க்கரை காய்ச்சும் முறையைக் கற்றுக்கொண்டு வரும்படி மகதத்துக்கு ஆள் அனுப்பினார் என்று சீன வரலாற்று ஏடே சொல்கிறது. ஒரு பொருள் யார் வழியாக நம்மிடம் வந்தது, அல்லது எந்த ஊர் ரகம் பெயர் வாங்கியது என்பதைத்தான் பெயர் காட்டும். பிறந்த இடத்தை வேறு வழியில்தான் தேட வேண்டும். கற்கண்டை வடக்கே "மிஸ்ரி" என்கிறார்கள், மிஸ்ர் என்றால் எகிப்து. கரும்பு எகிப்தில் பிறக்கவில்லை, ஆனால் இடைக்காலத்தில் எகிப்தின் சர்க்கரைக்கு நல்ல பெயர் இருந்தது.

இரண்டாம் படி: செடியைத் தனியாக, சரக்கைத் தனியாக எழுதுங்கள்

ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் கரும்பு, வலப்பக்கம் சர்க்கரை. இரண்டின் பிறந்த ஊரும் வேறு.

கரும்பை மனிதர்கள் முதலில் பயிராக்கியது நியூகினியில். அங்கிருந்து படகில் தீவு தீவாக ஆசியா வந்தது, அப்போதெல்லாம் கடித்துச் சாறு குடிப்பதற்குத்தான். சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கி மாதக்கணக்கில் கெடாமல் வைத்திருக்கலாம் என்று கண்டுபிடித்தது இந்தியத் துணைக்கண்டம். அலெக்சாந்தரோடு வந்த தளபதி நியார்க்கஸ், தேனீ இல்லாமலே தேன் தரும் நாணலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

தமிழில் இதற்குக் கிடைக்கும் சாட்சி எனக்கு மிகவும் பிடித்தது. புறநானூற்று 99ஆம் பாட்டில் ஔவையார், அதியமானின் முன்னோர் கிடைத்தற்கரிய கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று புகழ்கிறார். அதாவது கரும்பு வெளியிலிருந்து வந்தது என்ற நினைவு அப்போதே இருந்திருக்கிறது. பட்டினப்பாலை தொடங்கிய சில வரிகளிலேயே, கரும்பு காய்ச்சும் ஆலையின் அனல் பட்டுப் பக்கத்து வயலில் நெய்தல் பூக்கள் வாடிப்போகும் காட்சி வருகிறது. இன்று நூலுக்கும் சிமென்ட்டுக்கும் ஆலை என்கிறோமே, அந்தச் சொல் முதலில் கரும்பு ஆட்டும் இடத்தைத்தான் குறித்தது. "ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்ற பழமொழியை இப்போது இன்னொரு தடவை சொல்லிப் பாருங்கள்.

மூன்றாம் படி: செய்வதை நேரில் போய்ப் பாருங்கள்

இதைத் தவிர்க்கவே கூடாது. பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் ஈரோட்டுப் பக்கம் கவுந்தப்பாடி, நாமக்கல் பக்கம் பிலிக்கல்பாளையம் போன்ற ஊர்களைச் சுற்றி வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள் ஓடிக்கொண்டிருக்கும். பொதுவாக, கேட்டால் உள்ளே விடுவார்கள். வேலைக்குக் குறுக்கே நிற்காமல் ஓர் ஓரமாக நின்று இரண்டு மணி நேரம் பாருங்கள்.

நான் நின்றபோது பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பக்கம் கரும்பை உருளைகளுக்கு நடுவில் கொடுக்கிறார்கள், சாறு குழாய் வழியாகத் தொட்டிக்குப் போகிறது, நசுங்கிய சக்கையை வெயிலில் காயப்போட்டு அதையே அடுப்புக்கு எரிக்கிறார்கள். கொப்பரை ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு அகலம். சாறு சூடேறும்போது கொஞ்சம் சுண்ணாம்பு போடுகிறார்கள், அழுக்கெல்லாம் கரும்பச்சை நுரையாக மேலே ஏறி வருகிறது, நீளமான காம்பு வைத்த கரண்டியால் அதை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டே இருக்கிறார் ஒருவர். அதற்கப்புறம் மணிக்கணக்கில் கொதி. பதம் பார்க்கிறவர் துளிப் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுகிறார், உருண்டால் சரி, கரைந்தால் இன்னும் கொஞ்சம். அவர் கையில் வெப்பமானி எதுவும் இல்லை. கடைசியில் கொப்பரையைச் சாய்த்து மரத்தொட்டியில் ஊற்றிக் கிளறி, ஆறியதும் அச்சில் அழுத்தியோ துணியில் பிடித்தோ எடுக்கிறார்கள். பத்துக் கிலோ கரும்புக்கு ஒரு கிலோ வெல்லம் கிடைத்தால் அது நல்ல கணக்கு.

அங்கே வேலை செய்கிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வெட்டிய கரும்பை நான்கு நாள் வைத்திருந்து ஆட்டினால் என்ன? கூடாது என்பார். வெட்டியதுமே கரும்புக்குள் சர்க்கரை உடைந்து வேறாக மாற ஆரம்பித்துவிடும், பாகு இறுகாது, வெல்லம் பிசுபிசுத்துப் போகும்.

இந்தப் பதிலை நோட்டில் பெரிதாக எழுதிக் கட்டம் போடுங்கள். கரும்பு காத்திருக்காது. நெல்லை அறுத்துக் களஞ்சியத்தில் கொட்டிவிட்டு அப்புறம் குத்தலாம், கரும்பில் அது நடக்காது. அதனால் ஆலை தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அறுவடைக் காலம் முழுக்க இரவும் பகலும் அடுப்பு அணையாமல் எரிய வேண்டும், வெட்டுகிற கையும் ஆட்டுகிற கையும் ஒரே கடிகாரத்துக்கு ஓட வேண்டும். ஐரோப்பாவில் பெரிய தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பே கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்கள் தொழிற்சாலை மாதிரி நடந்ததற்கு இதுதான் காரணம். எந்தப் பொருளை எடுத்தாலும் இப்படி அதன் குணம் ஒன்றைப் பிடியுங்கள், எது கெடும், எது உடையும், எதற்கு அதிக விறகு வேண்டும் என்று. அது கையில் கிடைத்துவிட்டால் பின்னால் நடந்த பல காரியங்கள் தானே புரியும்.

நான்காம் படி: வரைபடத்தில் கோடு போடுங்கள்

இந்தப் படி விறுவிறுவென்று போய்விடும். நியூகினியிலிருந்து இந்தியா, இந்தியாவிலிருந்து பாரசீகம், அங்கிருந்து அரபியர் வழியாக எகிப்து, சிசிலி, ஸ்பெயின். 15ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அதை அட்லாண்டிக்கில் மடெய்ராவுக்கும், பிறகு ஆப்பிரிக்கக் கரையோரம் சாவோ டோமே தீவுக்கும் கொண்டுபோனார்கள். 1493இல் கொலம்பஸ் இரண்டாம் பயணத்தில் கானரித் தீவுகளிலிருந்து கரும்புக் கரணை எடுத்துப்போனார். அடுத்து பிரேசில், 1640களில் பார்படோஸ், அப்புறம் ஜமைக்கா, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த செயின்ட் டொமிங்கு (இன்றைய ஹைட்டி).

கோட்டின் மேல் ஆண்டை மட்டும் எழுதுங்கள், கதையை நோட்டில் எழுதுங்கள். ஒரே ஒரு குறிப்பு மட்டும் வரைபடத்திலேயே இருக்கட்டும்: 1763இல் பாரிஸ் உடன்படிக்கை போட்டபோது, பிரான்ஸ் கனடாவை விட்டுக்கொடுத்துவிட்டுக் கரீபியன் கடலின் குவாதலூப் தீவைத் திரும்ப வாங்கிக்கொண்டது. கனடாவையும் அந்தத் தீவையும் வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். அன்று சர்க்கரைக்கு என்ன விலை என்று அப்போது புரியும்.

ஐந்தாம் படி: யாருடைய கை என்று கேளுங்கள்

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த வழியையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொருளின் கதையை எழுதுகிறவர்கள் பலரும் கப்பலையும் வணிகனையும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். கொப்பரைக்குப் பக்கத்தில் நின்ற ஆள் யார்?

ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடல் வழியாக அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர் என்று கப்பல் பதிவுகளை வைத்து ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். உயிரோடு கரை இறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். மிகப் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது கரும்பு விளைந்த பிரேசிலுக்கும் கரீபியன் தீவுகளுக்கும். மூன்றாம் படியில் கட்டம் போட்ட வரியை இங்கே திரும்பப் படியுங்கள். அடுப்பு அணையக் கூடாது என்பதற்காகத் தூக்கமில்லாமல் இரவு முறை வேலை. உருளைக்குக் கரும்பு கொடுப்பவர் கண் அசந்து கை மாட்டிக்கொண்டால், உடம்பு முழுவதும் உள்ளே போவதற்குள் கையை வெட்டி எடுக்க ஆலையில் ஒரு கோடரி வைத்திருப்பார்களாம், அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இதே காலத்தில், 1700க்கும் 1800க்கும் இடையில், பிரிட்டனில் ஒருவர் ஆண்டுக்குச் சாப்பிட்ட சர்க்கரை சுமார் 2 கிலோவிலிருந்து 8 கிலோவாக ஏறியது. இந்த இரண்டு செய்தியையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள், தனித்தனியாக எழுதாதீர்கள்.

எதிர்த்தவர்களையும் விடாமல் எழுத வேண்டும். செயின்ட் டொமிங்குவில் அடிமைகளாக இருந்தவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர். 1791 ஆகஸ்டில் அவர்கள் எழுந்தார்கள், தூசேன் லூவெர்த்யூர் தலைமையில் படை திரண்டது, அவர் பிரெஞ்சுச் சிறையில் இறந்த பிறகும் போர் நிற்கவில்லை, 1804 ஜனவரி 1 அன்று ஹைட்டி என்ற விடுதலை நாடு பிறந்தது. அந்த நாட்டிடமே 1825இல் பிரான்ஸ் 15 கோடி பிராங்க் இழப்பீடு கேட்டது. பிரிட்டன் 1834இல் அடிமைமுறையை ஒழித்தபோதும் 2 கோடி பவுண்டு இழப்பீடு அடிமைகளை வைத்திருந்தவர்களுக்குத்தான் போனது, உழைத்தவர்களுக்கு ஒரு காசு இல்லை.

இனி நம் பக்கம். அடிமைமுறை போனதும் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது, இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களை அழைத்துப்போனார்கள். 1834இல் மொரீசியஸ். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் கரையில் நின்றது. 1911 வரை டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு மட்டும் போனவர்கள் சுமார் 1,52,000 பேர், பெரும்பகுதி சென்னை வழியாக. பிஜிக்கு 1879 முதல் 1916 வரை சுமார் 60,000 பேர். அந்தத் தீவின் கரும்புத் தோட்டத்தில் வாடிய பெண்களை நினைத்துத்தான் பாரதி அழுது பாடினார். டர்பனில் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி, முதலாளி அடித்து முன்பல் உடைந்து, வாயில் ரத்தத்தோடு, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இளம் வழக்கறிஞர் காந்தியின் முன்னால் வந்து நின்றார். வெள்ளைக்காரர் முன் தலைப்பாகையோடு நிற்கக் கூடாது என்று அவருக்குப் பழக்கியிருந்தார்கள், காந்தி அதைத் திரும்பக் கட்டிக்கொள்ளச் சொன்னார். இந்தக் காட்சியை நான் எத்தனை தடவை நினைத்தாலும் மனது கனத்துவிடும்.

மொரீசியஸ் ரூபாய் நோட்டின் படம் கிடைத்தால் பாருங்கள், அதில் தமிழ் எழுத்து இருக்கும். உங்கள் குடும்பத்தில் யாராவது அந்தக் காலத்தில் கப்பல் ஏறினார்களா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அதையும் நோட்டில் சேருங்கள்.

ஆறாம் படி: அந்தப் பொருளுக்கு மாற்று எப்போது வந்தது

1747இல் பெர்லினில் மார்க்கிராஃப் என்ற வேதியியலாளர், ஒரு வகைக் கிழங்கில் இருப்பதும் கரும்பில் இருக்கும் அதே சர்க்கரைதான் என்று காட்டினார். பல ஆண்டுகள் அது ஆய்வுக்கூடச் செய்தியாகவே கிடந்தது. நெப்போலியன் போர்களில் பிரிட்டிஷ் கப்பற்படை கடலை மறித்துக் கரும்புச் சர்க்கரை வரத்து நின்றபோது, 1811இல் நெப்போலியன் கிழங்கு பயிரிடச் சொல்லி ஆணை போட்டார். பீட்ரூட்டின் அந்த வெள்ளை உறவுக்காரன்தான் இன்றும் ஐரோப்பாவின் சர்க்கரை.

இயந்திரத்தையும் இங்கே எழுதுங்கள். நியூ ஆர்லியன்ஸில் பிறந்த நோர்பேர் ரில்யூ, அடிமைமுறை நடந்த ஊரில் ஆப்பிரிக்க வம்சாவளியில் சுதந்திரமானவராகப் பிறந்தவர், 1843இல் ஒரு காய்ச்சும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். காற்றழுத்தம் குறைத்த கலங்களை வரிசையாக வைத்து, ஒன்றில் எழும் நீராவியால் அடுத்ததைச் சூடாக்கும் ஏற்பாடு. விறகு மிச்சம், கொதிக்கும் பாகைக் கொப்பரைக்குக் கொப்பரை அள்ளி ஊற்றி உடம்பு வெந்த வேலையும் போனது. இன்றைய சர்க்கரை ஆலைகளிலும் அடிப்படை அதுதான்.

அப்புறம் கோயம்புத்தூர். 1912இல் அங்கே தொடங்கிய கரும்பு இன ஆராய்ச்சி நிலையத்தில், தடித்த கரும்பையும் ஆற்றோரக் காட்டு நாணலையும் கலந்து உருவாக்கிய கோ 205 என்ற ரகம் 1918இல் பஞ்சாபுக்குப் போனது. குளிரையும் வறட்சியையும் தாங்கியது காட்டு நாணலின் ரத்தம். கோ என்று தொடங்கும் ரகப் பெயர்கள் எல்லாம் அந்த ஊரின் முதல் எழுத்துதான். தாவரவியலாளர் ஜானகி அம்மாள் அங்கே கரும்பையும் மற்றப் புல்லினங்களையும் கலந்து பார்த்து ஆராய்ச்சி செய்தவர்.

எழுதியதைச் சரிபார்க்கும் முறை

வாட்ஸ்அப்பில் வந்ததை நோட்டில் ஏற்றாதீர்கள். ஓர் ஆண்டை எழுதும் முன் ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு இடங்களில் அது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பென்சிலால் எழுதி வையுங்கள், உறுதியானதும் பேனா. பெரிய எண்ணிக்கை வந்தால் அதை எதை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று பக்கத்தில் குறியுங்கள், கப்பல் பதிவா, வரிக் கணக்கா, ஒரு பயணி சொன்னதா என்று. "உலகத்துக்கே நாம்தான் கற்றுக்கொடுத்தோம்" என்ற மாதிரி வரி வந்தால் அங்கே நின்று, செடியா சரக்கா என்று இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். மாவட்ட மைய நூலகத்தில் வரலாற்று அலமாரியோடு வேளாண்மை அலமாரியையும் பாருங்கள், நல்ல விஷயங்கள் பலவும் அங்கேதான் இருக்கின்றன.

வாரம் மூன்று நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம் போதும். முதல் வாரம் பெயரும் செடியும், இரண்டாம் வாரம் நேரில் பார்ப்பது, மூன்றாம் வாரம் வரைபடம். ஐந்தாம் படிக்கு மட்டும் நேரம் கணக்குப் பார்க்காதீர்கள்.

அடுத்த பொருளை உங்கள் ஊரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கம் என்றால் உப்பு. கன்னியாகுமரிப் பக்கமோ, மலேசியாவில் தோட்டத்தில் பிறந்த உறவினர்கள் இருக்கும் வீடோ என்றால் ரப்பர், அமேசான் காட்டிலிருந்து 1876இல் லண்டன் போய் அதே ஆண்டு இலங்கையில் கன்றாக இறங்கிய மரம் அது. ஒரு நாள் அதிகாலையில் எழுந்து தோட்டத்துக்குப் போய், பால் வெட்டுகிறவரிடம் இதை ஏன் வெயில் ஏறும் முன்பே வெட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எழுதிக் கட்டம் போட்டுவிட்டு, அங்கிருந்து தொடங்குங்கள்.